கிணத்துக்கும் ஒரு லாக் ஃபைல் வேணும்

நம்ம ஊர்ல நிலத்தடித் தண்ணியில பெட்ரோல் கலந்திருக்கான்னு கண்டுபிடிக்கிற கருவி என்னன்னு தெரியுமா? மூக்கு. கிண்டல் இல்லைங்க, சீரியஸாத்தான் சொல்றேன்.

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணற்றிலும் போர் தண்ணியிலும் எரிபொருள் வாடை அடிக்க ஆரம்பித்தது. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு என்பது அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. ஆனால் முதலில் கண்டுபிடித்தது யார்? குழாய்க்குச் சொந்தக்காரர்கள் இல்லை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இல்லை. காலையில் பல் தேய்க்க வாளியில் தண்ணி பிடித்தவர்கள்.

"அட, நம்ம நாடு அப்படித்தான் சார்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட முடியாது. ஏன்னா அமெரிக்கக் கடற்படைக்கும் இதே கதைதான். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன்னாடி இந்த மூக்கு ஏன் உதவாத கருவி என்று ஒரு சின்னக் கணக்கு.

பெட்ரோலில் இருக்கிற பொருட்களில் குடிதண்ணிக்கு ரொம்ப ஆபத்தானது பென்சீன். புற்றுநோய் தரக்கூடியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் குடிதண்ணிக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. நம்ம பி.எஸ்-6 பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, எடையில் கிட்டத்தட்ட 8.8 கிராம். வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் முழுக்கத் தண்ணியில் கரைந்தால் 8 லட்சம் லிட்டருக்கு மேலான தண்ணியை அந்த அனுமதி அளவுக்குக் கொண்டு வந்துவிடும். 12,000 லிட்டர் தண்ணி லாரி என்றால் 70 லாரிக்கும் மேல். இது காகிதக் கணக்குதான், நிஜத்தில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சத்தை மண்ணில் இருக்கும் பாக்டீரியா தின்னும். ஆனாலும் எந்த அளவில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று புரியும்.

இதில் விசேஷம் என்னன்னா, பென்சீன் வாடை நம்ம மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் அது அனுமதி அளவைப் பல மடங்கு தாண்டியிருக்க வேண்டும். ஆக, வாடை அடிக்கவில்லை என்பதால் தண்ணி நல்ல தண்ணி என்று அர்த்தம் ஆகாது. வாடை அடித்து நாம் கண்டுபிடிக்கும்போது அது ஆரம்பமும் ஆகாது. எப்பவோ ஆரம்பித்துவிட்டது, நமக்கு இன்னிக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல், டீசல் எல்லாம் தண்ணியை விட லேசு. கசிந்ததும் மண் வழியாக இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் எண்ணெய்ப் படலமாக மிதக்கும். அதிலிருந்து பென்சீன், டொலுவீன், சைலீன் வகையறா கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணியில் கரைந்து, தண்ணி ஓடும் திசையில் நகரும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் படலமும் கூடவே இறங்கி மண்ணைப் பூசிக்கொண்டே போகும். ஐப்பசி மழையில் நீர்மட்டம் ஏறினால் பூசின எண்ணெய் தண்ணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒரே கிணற்றில் மே மாதம் ஒரு அளவு, டிசம்பரில் வேற அளவு. ஒரு தடவை போய் பாட்டிலில் தண்ணி பிடித்து, "பார்த்தாச்சு, ஒன்னுமில்லை" என்று எழுதிக் கொடுப்பது கண்காணிப்பு ஆகாது. அது ஒரு ஃபோட்டோ. நமக்கு வேண்டியது சிசிடிவி.

பிடிக்கிற விதமும் முக்கியம். கிணற்றில் தேங்கி நிற்கிற பழைய தண்ணியைக் கொஞ்சம் வெளியேற்றி, புதுத் தண்ணி வந்த பிறகு எடுக்க வேண்டும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டு போக வேண்டும். பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் அரைவாசி பிடித்து, வெயிலில் பைக்கில் வைத்து எடுத்துக்கொண்டு போனால் பென்சீன் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். ரிப்போர்ட் சுத்தமாக வரும். தண்ணி அப்படியே இருக்கும். கண்காணிப்புக் கிணறு தோண்டும்போதும் இதே மாதிரி ஒரு விஷயம் உண்டு. சல்லடைக் குழாய் நீர்மட்டத்துக்கு ரொம்பக் கீழே இருந்தால், மேலே மிதக்கிற எண்ணெய் அந்தக் கிணற்றுக்குள் வரவே வராது.

இப்போ அமெரிக்கக் கடற்படைக்கு வருவோம். ஹவாய்த் தீவுகளில் பேர்ல் ஹார்பர் பக்கத்தில் ரெட் ஹில் என்று ஒரு எரிபொருள் கிடங்கு. இரண்டாம் உலகப் போர் காலத்தில் மலையைக் குடைந்து கட்டியது. 20 ராட்சதத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 1.25 கோடி கேலன் கொள்ளும். அதற்கு நேர் கீழே, சுமார் 100 அடியில், ஹோனலுலு நகரம் நம்பியிருக்கும் நிலத்தடி நீர். 2014 ஜனவரியில் 5-ம் நம்பர் தொட்டியிலிருந்து சுமார் 27,000 கேலன் கசிந்தது. "தொட்டிகளை இங்கிருந்து எடுங்கள்" என்று அந்த ஊர்க் குடிநீர் வாரியம் அப்போதிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. கண்காணிப்புக் கிணறுகள் இருந்தன. நிபுணர்கள் இருந்தார்கள். பணத்துக்கா பஞ்சம்?

2021 மே மாதம் அங்கே ஒரு குழாயில் கோளாறு, எரிபொருள் சிந்தியது. சிந்தினது கொஞ்சம்தான், பெரும்பாலும் அள்ளிவிட்டோம் என்று சொன்னார்கள். ஆனால் தொட்டியின் அளவில் கிட்டத்தட்ட 20,000 கேலன் இடித்தது. அந்த வித்தியாசம் அங்கே வேலை பார்த்தவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. யாரும் அதைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. அந்த எரிபொருள் தீயணைப்பு அமைப்பின் வடிகால் குழாய் ஒன்றில் போய் ஆறு மாசம் சும்மா உட்கார்ந்திருந்தது. நவம்பர் 20-ம் தேதி அந்தக் குழாயில் ஒரு வண்டி இடித்து உடைந்தது. கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்து, கடற்படைக் குடும்பங்கள் வீட்டுக் குழாயில் எண்ணெய் வாடை என்று புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். தண்ணி பாதுகாப்பில்லை என்பதற்கு உடனடி அறிகுறி எதுவும் இல்லை என்று தளத்தின் அதிகாரி முதலில் அறிவித்தார். பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அந்தக் குடிநீர்த் தொடரைச் சுமார் 93,000 பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் உடம்பு சரியில்லை என்றார்கள். 2022 மார்ச்சில் கிடங்கை மூடச் சொல்லி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உத்தரவு போட்டது.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பழக்கமானது. லாக்ல எரர் தெளிவா இருக்கும். மாசக்கணக்கா இருக்கும். ஆனா அலெர்ட் செட் பண்ணியிருக்க மாட்டாங்க, இல்லாட்டி அலெர்ட் போற மெயில் ஐடிக்காரர் எப்பவோ வேலையை விட்டுப் போயிருப்பார். கடைசியில் கஸ்டமர் போன் பண்ணி "உங்க சைட் வேலை செய்யலை" என்று சொல்வார். எந்த அளவைத் தாண்டினால், யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், அவர் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத கண்காணிப்பு வெறும் டேட்டா சேகரிப்புதான். ரெட் ஹில்லில் இயந்திரம் சரியாகத்தான் அளந்தது. அளந்த எண் போய்ச் சேர்ந்தது, அது வெளியே வந்தால் யாருக்குச் சங்கடமோ அவர்களிடம்.

அங்கேயாவது என்ன எரிபொருள், எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. அதுவே தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே, நம்ம மொழி பேசுகிற ஊரில் இருக்கிறது. யாழ்ப்பாணம், சுன்னாகம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது. குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பாய்ச்ச எல்லாமே கிணறுதான். நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தேங்குகிறது. நல்ல தண்ணி சேர்வதும் இதனால்தான், அழுக்கு இறங்கினால் தடுக்க ஆள் இல்லாததும் இதனால்தான். மண்ணில் மெதுவாக வடிகட்டப்பட்டு நகர வேண்டிய எண்ணெய், சுண்ணாம்புக்கல் பொந்து கிடைத்தால் வேகமாக ஓடிவிடும். பக்கத்து வீட்டுக் கிணறு தப்பிக்கும், நாலு தெரு தள்ளி இருக்கிற கிணறு மாட்டும்.

சுன்னாகத்தில் பல பத்தாண்டுகளாக மின்சார சபையின் மின்நிலையம் இருந்தது. அதே இடத்தில் பிறகு நார்தர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் எண்ணெயில் ஓடும் மின்நிலையத்தை நடத்தியது. சுற்றியுள்ள கிணறுகளில் கழிவு ஒயில் மிதக்கிறது என்று ஜனங்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். (அங்கே ஆயில் இல்லை, ஒயில்.) இங்கேயும் முதல் கருவி கண்ணும் மூக்கும்தான். அப்புறம் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பரிலிருந்து 2014 ஜூலை வரை 150 கிணறுகளைச் சோதித்தது. 109 கிணறுகளில் எண்ணெய் அளவு வரம்புக்கு மேல். நூற்றுக்கு 73. கூட்டம், உண்ணாவிரதம், நீதிமன்றம் என்று ஊரே கொதித்தது. பவுசரில் தண்ணி வந்தது. 2015 ஜனவரியில் ஆலை நின்றது.

இதுக்கு அப்புறம்தான் வேடிக்கை. வட மாகாண சபை ஒரு நிபுணர் குழு போட்டது. ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்கிற மாதிரி அந்தக் குழு சொன்னது. ஒரு அரசு அமைப்பு 109 கிணற்றில் எண்ணெய் என்கிறது, இன்னொரு குழு பயப்பட ஒன்றும் இல்லை என்கிறது. நீங்க அந்த ஊர்க்காரராக இருந்தால், பிள்ளைக்குப் பால் கரைக்க எந்த ரிப்போர்ட்டை நம்புவீங்க?

இந்த மாதிரி இடத்தில் உடனே "ஒரு பக்கம் பொய் சொல்கிறது" என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். எனக்கும் யார் மேல் சந்தேகம் என்று இருக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 'எண்ணெயும் கிரீஸும்' என்று ஒரு சோதனை உண்டு. தண்ணியில் ஒரு கரைப்பானைக் கலந்து, அதில் கரைந்து வருவதை எல்லாம் பிரித்து எடை போடுவார்கள். டீசலும் வரும், சமையல் எண்ணெயும் வரும். ஏதோ இருக்கிறது என்று சொல்லும், என்ன என்று சொல்லாது. பென்சீன், டொலுவீன் வகையறாவைத் தனித்தனியாகத் தேடுவது வேற சோதனை. பெட்ரோல் கசிவுக்கு அது அருமையாக வேலை செய்யும். ஆனால் மின்நிலையத்தில் எரிக்கிற கனமான உலை எண்ணெயிலும் பழைய இயந்திர ஒயிலிலும் பென்சீன் ரொம்பக் குறைவு. அங்கே பென்சீன் தேடி, கிடைக்கவில்லை என்றால், பென்சீன் இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம். எண்ணெய் இல்லை என்று சொல்ல முடியாது. ரெண்டு சோதனையும் சரியாகச் செய்தாலும் ரெண்டு பதில் வரலாம். இந்த வித்தியாசத்தை ஜனங்களுக்கு யாராவது உட்கார்ந்து விளக்கினார்களா என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு சிக்கல், யாருடைய எண்ணெய் என்பது. பழைய மின்நிலையம் எத்தனையோ வருஷம் அங்கே இருந்தது. போர்க்காலத்தில் தொட்டிகள் சேதமாகி எண்ணெய் வழிந்த கதையும் உண்டு. அதனால் "இது எங்களது இல்லை, பழசு" என்று சொல்ல எப்போதும் ஒரு வழி திறந்தே இருந்தது. புது ஆலை தொடங்குவதற்கு முந்தின நாள், சுற்றியுள்ள கிணறுகளின் அளவை எடுத்து ஊர் முன்னால் ஒட்டி வைத்திருந்தால் இந்த வாதம் ஒரு நாள் நிற்குமா? கோட் மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுத்து வைப்பது மாதிரிதான். முதல் அளவு இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் முதல் அளவு இல்லாமல் இருப்பது யாருக்கு லாபம் என்றும் யோசித்துக்கொள்ளலாம்.

கடைசியில் 2019 ஏப்ரலில் இலங்கையின் உச்ச நீதிமன்றம் (அங்கே அதற்குப் பெயர் உயர் நீதிமன்றம்) தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நார்தர்ன் பவர் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும். அதிகபட்சம் 500 பேருக்கு, ஆளுக்கு 40,000 ரூபாய் வரை, இலங்கை ரூபாயில். முக்கியமான தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் தண்ணி வழங்கல் சபை சோதனையை முடித்ததிலிருந்து தீர்ப்பு வர கிட்டத்தட்ட ஐந்து வருஷம் ஆயிற்று. அது வரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கிணற்றடியில் நின்று "குடிக்கலாமா வேணாமா" என்று தானே முடிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

எதைத் தேட வேண்டும் என்ற பட்டியலே தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியாவில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1995-ல் அங்கே பெட்ரோல் தொட்டிக் கசிவுகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வந்தது. பென்சீன் பெரும்பாலும் சில நூறு அடிக்கு மேல் பரவுவதில்லை, பாக்டீரியாவே தின்றுவிடுகிறது, பல இடங்களில் தோண்டி எடுக்காமல் கண்காணித்தாலே போதும் என்பது சாரம். நியாயமான ஆய்வுதான். அடுத்த வருஷமே சான்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளை வரிசையாக மூடியது. ஊர்த் தண்ணியில் பாதி போயிற்று. காரணம் பென்சீன் இல்லை, எம்.டி.பி.இ. என்ற சேர்மானம். புகை குறைய வேண்டும் என்று பெட்ரோலில் கலந்தது. அது தண்ணியில் நன்றாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, பாக்டீரியாவுக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. பென்சீன் நடந்து போனால் இது ஓடிப் போகும். பென்சீனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டிப் போய்விட்டது.

இதை ஏன் இப்போ இழுக்கிறேன் என்றால், நம்ம பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-ல் இந்தியா 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியாச்சு. மைலேஜ் குறையுது, வண்டி இஞ்சின் என்ன ஆகும் என்று எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். தரைக்கு அடியில் என்ன ஆகும் என்று யாரும் பேசக் காணோம். மண்ணில் இருக்கும் பாக்டீரியாவுக்கு எத்தனால் என்றால் விருந்துச் சாப்பாடு. அதை முதலில் தின்று, அங்கே இருக்கிற ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். பென்சீன் பந்தியில் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் அது இன்னும் கொஞ்ச தூரம் போகும். எத்தனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலை மாற்றினால் கண்காணிப்புப் பட்டியலையும், கிணறு வைக்கும் தூரத்தையும் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறேன்.

நம்மிடம் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. புது பெட்ரோல் பங்க்குகளுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்பு இதற்கெல்லாம் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் கூடுதல் பாதுகாப்போடு, அப்பவும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. நல்ல விஷயம். ஆனால் அதற்கு முன்னாடியே வந்துவிட்ட பழைய பங்க்குகளை நகர்த்தி வைக்க முடியுமா? நம்ம ஊரில் பங்க்கை ஒட்டியே வீடு, வீட்டுக்குள் போர். பங்க்கில் தினமும் டிப் ஸ்டிக் விட்டு அளந்து எழுதத்தான் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 லிட்டர் குறைந்தால் ஆவியாகிவிட்டது என்று கணக்கு எழுதிவிடலாம். வருஷத்துக்கு அது 1,825 லிட்டர். ஆவியாகி மேலே போனதா, கசிந்து கீழே போனதா என்பது பக்கத்தில் கண்காணிப்புக் கிணறு இருந்தால்தான் தெரியும்.

சரி, எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு உதாரணம். எம்.டி.பி.இ.யில் அடிபட்ட அதே கலிஃபோர்னியாவில் ஜியோட்ராக்கர் என்று ஒரு அரசுத் தளம் இருக்கிறது. வரைபடத்தில் ஏதாவது ஒரு கசிந்த பங்க்கைத் தட்டினால், அங்கே எத்தனை கண்காணிப்புக் கிணறு, எந்தத் தேதியில் எடுத்த மாதிரியில் பென்சீன் எவ்வளவு, நீர்மட்டம் எவ்வளவு, சுத்தம் செய்யும் வேலை எந்த நிலையில் இருக்கிறது எல்லாம் வருஷவாரியாக வரும். 2000-களின் தொடக்கத்திலிருந்தே ஆய்வக முடிவுகளைக் குறிப்பிட்ட வடிவத்தில் மின்னணு முறையில் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி வைத்துவிட்டார்கள். ஸ்கேன் பண்ணின கோணல்மாணல் பிடிஎஃப் கொடுத்து ஏமாற்ற முடியாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பங்க்குக்குக் கீழே தண்ணி எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க முடிகிறது. என் தெருமுனை பங்க்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வழி இல்லை. இதில் எங்கே இடிக்குதுன்னு நீங்களே சொல்லுங்க.

"எல்லாத்தையும் வெளியே போட்டா ஜனங்க பீதி ஆயிடுவாங்க, வீட்டு விலை விழுந்திடும்" என்று ஒரு வாதம் வரும். வீட்டு விலை விழும் என்பது உண்மைதான், சும்மா தள்ளிவிடக் கூடிய கவலை இல்லை. வாழ்நாள் சம்பாத்தியத்தைப் போட்டு வாங்கின வீட்டுக்குக் கீழே பெட்ரோல் என்று வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால் யாருக்குத்தான் பகீர் என்று இருக்காது? ஆனால் விலை விழக் காரணம் கசிவு, புள்ளி இல்லை. புள்ளியை மறைத்தால் விலை காப்பாற்றப்படும், தண்ணி காப்பாற்றப்படாது. அந்த வீட்டை அடுத்து வாங்குகிற அப்பாவி தலையில் பாரம் ஏறும், அவ்வளவுதான். பீதியைப் பொறுத்தவரை, சுன்னாகத்தில் பீதி கிளம்பியது எண்களைப் பார்த்து மட்டும் இல்லை. ஒன்றோடொன்று பொருந்தாத ரெண்டு முடிவை விளக்கம் இல்லாமல் கையில் கொடுத்ததும்தான்.

இன்னொரு வாதம், செலவு. நல்ல ஆய்வகத்தில் இந்தச் சோதனைகள் சல்லிசு இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றையும் மாசா மாசம் சோதிக்கச் சொல்லவில்லை. எண்ணெய்க் கிடங்கு, குழாய்ப் பாதை, பழைய பங்க் இவற்றைச் சுற்றித் தண்ணி வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ரெண்டு என்று நிரந்தரக் கிணறுகள் போதும். மூணு மாசத்துக்கு ஒரு தரம், அதில் ஒன்று கோடை, ஒன்று மழை முடிந்த பிறகு. எண்ணெய் விற்கிறவரே செலவைக் கொடுக்கட்டும். ஆனால் மாதிரி எடுப்பது அவர் ஆளாக இருக்கக் கூடாது. கோட் எழுதினவரே டெஸ்ட் பண்ணி "பாஸ்" போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று எந்த டெஸ்டரைக் கேட்டாலும் சொல்வார் :-)

ஆக, நான் கேட்பது பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஆலையோ குழாயோ வருவதற்கு முன் முதல் அளவு. எந்த எரிபொருளோ அதற்கேற்ற சோதனைப் பட்டியல். எந்த எண்ணைத் தாண்டினால் யார் எத்தனை மணி நேரத்தில் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் ஒரு விதி. கடைசியா, ஆய்வகம் முடிவு கொடுத்த அதே வாரத்தில் அது நிறுவனத்துக்குப் போகிற மாதிரியே எனக்கும் உங்களுக்கும் வர வேண்டும், அதுவும் தமிழில். இந்த நாலில் எதை வேண்டுமானாலும் பேரம் பேசலாம், கடைசி ஒன்றைத் தவிர. ஏன்னா எண்கள் வெளியே வந்தால் மத்த மூணையும் ஜனங்களே கேட்டு வாங்கிவிடுவார்கள்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. உங்க ஏரியா எண்ணெய்க் கிடங்கு அல்லது பங்க்கைச் சுற்றி நிலத்தடி நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, என்னென்ன பொருளுக்கு, முடிவு என்ன என்று மூணே கேள்வி கேட்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு போடலாம். பதில் வந்தால் அந்த எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "அப்படி எந்தப் பதிவும் எங்களிடம் இல்லை" என்று வந்தால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது வந்து "இது பழைய எண்ணெய்" என்று சொல்லும்போது அந்த நோட்டு உதவும்.